ஓரத்து அட்டைகள்

நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் வாரம் தவறாமல் நாலாவதாக வருகிறவனுக்கு நாலு என்று பெயர் வைக்கப் பெரிய கற்பனை ஒன்றும் தேவையில்லை. முதல் வருஷம் ஐயோ பாவம் என்றார்கள். இரண்டாம் வருஷம் கிண்டல் செய்தார்கள். மூன்றாம் வருஷம் அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனுக்கும் அதில் வருத்தம் இல்லை. நாற்பத்தாறு வயதுக்குள் அவனுக்குச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்ட மனிதர்கள் அந்த மூன்று பேர்தான்.

வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். கடை என்றதும் முன்பக்கத்து வெளிச்சமும் நிலைக்கண்ணாடிகளும் சிரித்துப் பேசும் பெண்களும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அவன் இருந்தது பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், லென்ஸ் தேய்க்கும் மெஷினோடு. பெட்டியில் வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு நூல் கூடினால் ஃபிரேமில் ஏறாது, ஒரு நூல் குறைந்தால் கழன்று விழும். இருபத்திரண்டு வருஷமாகத் தேய்க்கிறான். தேய்த்த தூள் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகி நக இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை சோப்பு போட்டாலும் முழுதாகப் போகாது. கடைக்கு வரும் கண் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் இருப்பார். மற்ற நாட்களில் முன்பக்கத்தில் ஆள் குறைந்தால், சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிப் பவர் பார்க்கும் வேலையும் இவன் தலையில் விழும்.

வீடு என்றால் அக்கா வீடு. மூன்றாவது மாடி. இவனுக்குக் கொடுத்த அறையில் பாதியை ஒரு பழைய தையல் மெஷினும் யாரும் திறக்காத இரண்டு பெட்டிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் மடக்குக் கட்டில். கல்யாணம் ஆகாமல் இல்லை, ஆயிற்று. ஒன்றரை வருஷம் ஓடியது. அவளும் நல்லவள், இவனும் நல்லவன். இரண்டு நல்லவர்களுக்கும் பேச ஒரு விஷயம் இல்லாமல் போய்விட்டது. அவள் போன பிறகு அக்கா வந்து, துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றாள். அவனும் கிளம்பி வந்துவிட்டான். அவன் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்கள் எல்லாம் இப்படி யாரோ சொல்லித்தான் நடந்தன. தானாக வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லி, அதனால் ஒன்று நடந்தது என்று அவன் கணக்கில் எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. மூன்று மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு படி இறங்குவான். அக்கா சமையலறையிலிருந்து தலையை நீட்டி, சீட்டாடப் போறியா என்பாள். சீட்டு இல்லக்கா, கார்டு என்பான். ஒண்ணு தமிழு, ஒண்ணு இங்கிலீஷு, ரெண்டும் வெட்டி வேலைதான் என்று அவள் உள்ளே போய்விடுவாள். பதினோரு வருஷமாக இதே பேச்சு.

ஆட்டம் நடப்பது தரைத்தளத்தில், டிரைவர் வீட்டில். டிரைவர் என்றால் மருந்துக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவன். கிடங்கிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றி ஊர் முழுக்க இருக்கும் மருந்துக் கடைகளில் இறக்குவான். நாலு அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த முதல் வாரத்தில், யாரோடும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தவனைப் பார்த்து வேனை நிறுத்தி, ஏறுடா, அந்தப் பக்கம்தான் போறேன் என்றவன் அவன்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் நாலுவைக் கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் கிடங்குக்குப் போவான். கேட்டால் வழியில்தானே இருக்கு என்பான். வழியில் இல்லை. மூன்று தெரு சுற்றிப் போக வேண்டும்.

மற்ற இருவரும் அதே கட்டடம்தான். இரண்டாவது மாடியில் கணக்கு டீச்சர். முதல் மாடியில் மின்கட்டண கவுண்டரில் உட்காரும் கேஷியர். கேஷியரின் மச்சான் பொம்மைக் கடையை மூடியபோது விற்காமல் தங்கிவிட்ட விளையாட்டு அட்டைகளைப் பெட்டியோடு இவரிடம் தள்ளிவிட்டார். அதில் நல்லதாகப் பொறுக்கி எண்ணி வைத்தது நூற்று எண்பது அட்டை. ஐந்து நிறம், ஒவ்வொரு நிறத்திலும் வீரர்கள், விலங்குகள், பூதங்கள், மந்திரங்கள். பதினோரு வருஷத்தில் நூற்று எண்பதும் நாலு பேருக்கும் மனப்பாடம். கிணற்றுப் பூதம் எதற்கு லாயக்கு, சாம்பல் ராணியை எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் சொந்தக்காரர்களின் குணத்தைப் போலத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்னால் டிராஃப்ட். டீச்சர் எல்லா அட்டைகளையும் கலந்து, பதினைந்து பதினைந்தாகப் பன்னிரண்டு கட்டு போடுவார். ஆளுக்கு மூன்று கட்டு. முதல் கட்டை எல்லோரும் எடுத்து விரித்துப் பார்த்து, வேண்டிய ஓர் அட்டையை மட்டும் உருவிக்கொண்டு மீதியை இடது பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். வலது பக்கத்திலிருந்து வருவதில் மறுபடி ஒன்று. கட்டு தீரும்வரை இப்படியே சுற்றும். இரண்டாவது கட்டு மட்டும் திசை மாறி வலது பக்கமாகப் போகும். மூன்றாவது மறுபடி இடது. சேர்ந்த அட்டைகளிலிருந்து ஆளுக்கு முப்பதைத் தேர்ந்து டெக் கட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். டீச்சர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: உருவின பிறகு கட்டைக் கலைக்கக் கூடாது, இருந்த வரிசையிலேயே கை மாற்ற வேண்டும். கலைத்தால் முனை மடங்குகிறது என்பார். டீச்சர் சட்டம் போட்டால் போட்டதுதான்.

இந்த ஆட்டத்தில் எடுப்பதைவிட, வருவதைப் படிப்பதில்தான் சூட்சுமம். வலது பக்கத்து ஆள் உங்களுக்கு நல்ல பச்சை அட்டையாக அனுப்பிக்கொண்டே இருந்தால், அவருக்குப் பச்சை வேண்டாம் என்று அர்த்தம். நீங்கள் பச்சைக்குப் போய்விடலாம். கேஷியர் இதை ஒரு சாஸ்திரமாகவே பேசுவார். நாலுவுக்கு வலது பக்கம் டிரைவர், இடது பக்கம் கேஷியர், எதிரில் டீச்சர். டிரைவருக்கு எப்போதும் சிவப்பு. பதினோரு வருஷமாகச் சிவப்பைத் தவிர வேறு நிறத்தைத் தொட்டதில்லை. அதனால் நாலுவின் கைக்குச் சிவப்பு வந்தால் அது குப்பையாகத்தான் இருக்கும். அவன் மிச்சம் மீதியைக் கூட்டி ஒரு டெக் கட்டி, அதோடு தோற்றுவிட்டு மேலே வருவான்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம்தான் கதை மாறியது. அன்று முதல் கட்டிலேயே டிரைவர் கையிலிருந்து நல்ல சிவப்பு அட்டைகளாக வந்தன. எரிமலைக் கிழவன் வந்தது. நெருப்பு மழை வந்தது. டிரைவர் சிவப்பை விட்டுவிட்டான் என்று நாலு சாஸ்திரப்படி முடிவு கட்டி, வருவதையெல்லாம் வாரிக்கொண்டான். அன்று மூன்று பேரையும் ஜெயித்தான். கேஷியர் எழுந்து நின்று கைகொடுத்தார். டிரைவர் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, என் மானத்தை வாங்கிட்டயேடா என்று சிரித்தான். நாலு அன்று மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினான். அக்காவிடம் சொன்னான். சரி, கை கழுவிட்டு வா என்றாள்.

அடுத்த வாரமும் ஜெயித்தான். அதற்கடுத்த வாரம் இரண்டாவது. அதற்கடுத்த வாரம் மறுபடி ஜெயித்தான். கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே தனியாகச் சிரித்தான். முன்னால் இருந்த பெண்கள், இவருக்கு என்ன ஆச்சு என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நமக்கும் கடைசியில் ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று நம்பினான். நம்பட்டும், அதில் என்ன குற்றம்?

நடுவில் ஒரு புதன்கிழமை டிரைவர் கடைக்கு வந்தான். சாயங்காலத்தில் படி இறங்கினால் கால் தட்டுகிறது, தெருவில் ஆட்கள் எங்கிருந்தோ திடீரென்று முளைக்கிறார்கள், பவர் கூடியிருக்கிறதா பாரேன் என்றான். நாலு அவனை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினான். டிரைவர் கடைசி வரியின் கடைசி எழுத்துவரை ஒரு தடங்கல் இல்லாமல் படித்தான். உன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, வயதாகிவிட்டது, அதுதான் வியாதி என்று சொல்லித் தோளைத் தட்டி அனுப்பினான். அன்று நாலு சொன்னது மனதறிந்து சொன்ன பொய் இல்லை. அதை அவன் பக்கத்தில் எழுதிவைக்கலாம். அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

ஆறாவது வாரம். நாலு தன் முதல் கட்டைப் பிரித்தபோது இடது ஓரத்தில் செம்பருந்து இருந்தது. நூற்று எண்பதில் அதற்கு மேல் ஓர் அட்டை கிடையாது. ஆனால் கட்டின் நடுவில் சாம்பல் ராணியும் இருந்தது, அவனுக்கு அன்று என்னவோ ராணி மேல் ஆசை. ராணியை எடுத்துக்கொண்டு கட்டை அனுப்பினான். கேஷியர் ஒன்று எடுத்தார், டீச்சர் ஒன்று எடுத்தார். அவர்கள் இருவரும் சிவப்பை நஞ்சாக நினைக்கிறவர்கள். பிறகு டிரைவர். சுற்றி வந்து கட்டு மறுபடி நாலுவிடம் வந்தது. இடது ஓரத்தில் செம்பருந்து அப்படியே இருந்தது. டிரைவர் உருவியிருந்தது நடுவில் இருந்த ஒரு சோப்ளாங்கி வீரனை.

சரி, வேறு நிறத்துக்குப் போய்விட்டான் போல என்று நாலு பருந்தை எடுத்துக்கொண்டான். ஆனால் ஆட்டத்தில் டிரைவர் இறக்கிய டெக் முழுக்கச் சிவப்பு. எல்லாம் இரண்டாந்தரச் சிவப்பு. நாலுவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பருந்தை ஏன்டா விட்ட?"

"எந்தப் பருந்து? அது இன்னிக்கு என் கைக்கு வரவே இல்லையேடா."

வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறான் என்றுதான் நாலு முதலில் நினைத்தான். காலையில் மூன்று தெரு சுற்றிப் போகிறவனாயிற்றே, இதையும் செய்வான். கொஞ்சம் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இரண்டு நாள் அதையே அசைபோட்டான். மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் டாக்டர் அறைச் சுவரைத் துடைக்கச் சொன்னார்கள். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. மாட்டியவனே இவன்தான். ஒரு தெரு; நடுவில் ஒரு பெண் நடந்து வருகிறாள், அவள் முகம் பளிச்சென்று இருக்கிறது; சுற்றிலும் ஓரமெல்லாம் கறுப்பு. கண் அழுத்த நோய் என்று மேலே போட்டு, கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரம்தான் முதலில் போகும், போனது திரும்பாது, சீக்கிரம் கண்டுபிடித்தால் மீதியைக் காப்பாற்றலாம். எட்டு வருஷமாகத் தூசி தட்டுகிற படம். நாலு துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் கைக்கு வந்த நல்ல அட்டைகள் எல்லாம் எங்கே இருந்தன என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எரிமலைக் கிழவன் வலது ஓரம். நெருப்பு மழை இடது ஓரம். ஒன்றுகூட நடுவிலிருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் அவனே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நேரில் பார்த்துப் பேசணும், ஞாயிறுதான் சரி என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். ஞாயிறு வந்தது. கம்பெனியில் தனக்குப் புது வேன் கொடுக்கப்போகிறார்கள் என்று டிரைவர் அன்று எல்லோருக்கும் பாயசம் ஊற்றாத குறையாகக் குதித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சிரித்த முகமாக டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். டிரைவர் கையை வீசிப் பேசியதில் ஓரத்தில் இருந்த டம்ளர் கவிழ்ந்தது. நாலு துணியை எடுத்துத் துடைத்தான். அன்று ஆட்டத்தில் ஜெயித்தான்.

ஏன் சொல்லவில்லை? அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. சொன்னால் டிரைவரின் வேலை போய்விடும். நான் என்ன டாக்டரா, தப்பாகச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்கலாமா? இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். எல்லாம் சரி. அடியில் கிடந்த காரணம் ஒன்றுதான், அது வெட்கம் கெட்டது. டிரைவர் படுத்துவிட்டால் ஞாயிறு இல்லை. டிரைவர் கண் தெளிந்துவிட்டாலோ நாலு மறுபடி நாலாகிவிடுவான். நாற்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவனைப் பார்த்து ஒருவர் எழுந்து நின்று கைகொடுத்தார். அதைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை.

ஆனால் மனசாட்சி என்று ஒன்று அவனுக்கும் இருந்தது, தூங்கவிடாமல் பிறாண்டியது. அதற்கு அவன் ஒரு தீனி போட்டான். இரண்டாவது கட்டு திசை மாறும் இல்லையா? அப்போது நாலு கையிலிருந்து டிரைவருக்குப் போகும். தன் கட்டில் இருக்கும் நல்ல சிவப்பு அட்டையை, யாரும் பார்க்காத நேரத்தில், டீச்சரின் சட்டத்தை மீறி, நடுவில் செருகி அனுப்ப ஆரம்பித்தான். டிரைவர் அதைக் கண்டதும் முகம் மலர்ந்து உருவுவான். நாலுவுக்கு அப்போது நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கும். முதல் கட்டிலும் மூன்றாவது கட்டிலும் எடுத்துக்கொண்டதற்கு இரண்டாவது கட்டில் ஈடு செய்தாயிற்று என்று ஒரு கணக்கு. டம்ளரை டிரைவருக்கு நேர் எதிரே நகர்த்தி வைப்பான். காலையில் வேனில் போகும்போது பேச்சோடு பேச்சாக, இடது பக்கம் சைக்கிள் வருது பார், அந்தம்மா குறுக்கே வர்றாங்க பார் என்று சொல்லிக்கொண்டே வருவான். உனக்கு ரொம்ப வாய் வந்துடுச்சுடா இப்பல்லாம் என்று டிரைவர் கேலி செய்வான். கடை வாசலில் இறங்கிக் கையசைத்து அனுப்பிவிட்டு நாலு உள்ளே போய்விடுவான். அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்த வேனில் பக்கத்து சீட் காலி.

மழைக்காலம் வந்தது, போனது. அரைப்பரீட்சை விடுமுறை விட்ட அன்று, பகல் பதினோரு மணிக்கு, மருந்துக் கடை ஒன்றின் முன்னால் வேனை ஒதுக்கும்போது இடது பக்கம் வந்த சைக்கிள்காரர் ஒருவரை டிரைவர் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டான். உயிருக்கு ஒன்றும் இல்லை, முழங்கை இரண்டாக உடைந்தது. யாருமே வரலையே, நான் பார்த்துத்தானே திருப்பினேன் என்று டிரைவர் சுற்றி நின்ற கூட்டத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னானாம். கம்பெனி அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. வலது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இடது கண்ணில் நடுவே மட்டும் ஒரு துவாரம் அளவுக்குப் பார்வை இருக்கிறது என்றார்கள். சொட்டு மருந்து போட்டு அதைப் பிடித்துவைக்கப் பார்க்கலாம்; போனது போனதுதான். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் வண்டி ஓட்டும் அளவுக்காவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர்.

இதையெல்லாம் நாலுவுக்குச் சொன்னது டிரைவரின் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவில், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"டாக்டர் என்னைத் திட்டறாரு அண்ணா, கூடவே இருந்து எப்படித் தெரியாம போச்சுன்னு. கண்ணாடிக் கடையிலயே கிடக்கற உங்களுக்கே தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குத்திக்காட்டவில்லை. தனக்கு ஒரு ஆறுதல் தேடிச் சொன்னாள். நாலு தலையை ஆட்டினான். ஆமா, எனக்கே தெரியல என்று வாய்விட்டும் சொன்னான். சொல்லிவிட்டு வராந்தாவின் கோடியில் இருந்த குழாயடியில் போய் வெகுநேரம் நகம் கழுவினான்.

வேலை போயிற்று. புது வேனை வேறு ஒருவன் ஓட்டினான். நாலு காலையில் பஸ்ஸுக்கு நடந்தான். டிரைவர் வீட்டைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு டிரைவர் உட்கார்ந்திருப்பான். தலையை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெல்லத் திருப்பித் திருப்பித் தெருவைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருப்பான். நாலு சுவரை ஒட்டி நடந்தான். அங்கே நடந்தால் அவனுக்குத் தெரியாது. இதுவும் நாலுவுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வாரம் ஆட்டம் இல்லை. அந்த ஐந்து ஞாயிறும் மூன்று மணிக்கு மடக்குக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்தான். ஏன்டா, இன்னிக்குச் சீட்டாடப் போகலையா என்று அக்கா ஒருமுறை வந்து கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை.

ஆறாவது வாரம் டிரைவரே ஆள் அனுப்பினான். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மண்டை காய்கிறது, எல்லோரும் வாருங்கள் என்று. பழைய மேஜை, பழைய இடங்கள். டிரைவர் இளைத்திருந்தான். மேஜை விளக்கு ஒன்றைப் புதிதாக வைத்திருந்தார்கள். கேஷியர் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார். டீச்சர் பன்னிரண்டு கட்டையும் போட்டார். டிரைவருக்கு நேரம் எடுக்கும், யாரும் அவசரப்படக் கூடாது என்று புதுச் சட்டமும் போட்டார்.

முதல் கட்டு மெல்லச் சுற்றி முடிந்தது. டிரைவர் ஒவ்வொரு அட்டையாக முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்தான். நாலுவின் கைக்கு அன்று நல்ல சிவப்பு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது கட்டு. நாலு பிரித்ததும் வலது ஓரத்தில் செம்பருந்து. அவன் யோசித்துச் செய்யவில்லை, ஐந்து மாதப் பழக்கம் விரல்களுக்கு. ஒரு நீல அட்டையை உருவிக்கொண்டு, பருந்தை நடுவில் செருகி, கட்டை டிரைவர் கையில் கொடுத்தான்.

டிரைவர் அதை விரிக்கவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"இந்தக் கட்டுல நடுவுல ஒரு நல்ல சிவப்பு கார்டு இருக்கும். டீச்சர், எடுத்து எண்ணிப் பாருங்க."

டீச்சர் வேடிக்கை என்று நினைத்து எடுத்து எண்ணினார். பதினாலு அட்டையில் ஏழாவது செம்பருந்து. அதைத் தூக்கிக் காட்டினார். கேஷியர் மேஜையைத் தட்டிச் சிரித்து, கண்ணு போனா என்ன, ஆளு மந்திரவாதி ஆயிட்டாரே என்றார். டிரைவரும் சிரித்தான். சிரிப்பு நிற்கும்வரை பொறுத்திருந்தான்.

"மந்திரம் இல்ல சார். மழைக்கு முன்னாடியிருந்தே அங்கதான் இருக்கு. முதல் கட்டுல எனக்கு ஒண்ணும் வராது, மூணாவதுல ஒண்ணும் வராது. இவன் கையிலேருந்து வர்ற கட்டுல மட்டும் எப்பவும் நடுவுல நல்லது ஒண்ணு இருக்கும். அதிர்ஷ்டம்னு நினைச்சேன். வீட்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கேன், யோசிச்சுப் பார்த்தேன்."

டீச்சர் கையில் பருந்தோடு அப்படியே இருந்தார். கணக்கு டீச்சர் ஆயிற்றே, அவருக்குத்தான் முதலில் விடை வந்தது; நாலுவைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். டிரைவர் தலையை இடது பக்கமாகத் திருப்பினான். கொஞ்சம் அதிகமாகத் திரும்பிப் போய், மறுபடி பின்னால் வந்து, தேடி, நாலுவின் முகத்தில் நிறுத்தினான்.

"எனக்கு நடுவுல மட்டும்தான் தெரியுதுன்னு டாக்டர் சொன்னது போன மாசம். உனக்கு யாருடா சொன்னாங்க?"

நாலு வாயைத் திறந்தான். சொல்லணும்னுதான் இருந்தேன் என்றான். அது உண்மைதான், அதனால்தான் அவ்வளவு கேவலமாகக் கேட்டது. உள்ளே அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. டிரைவரின் மனைவி நிலைவாசலில் வந்து நிற்பது நாலுவுக்குத் தெரிந்தது, டிரைவருக்குத் தெரியவில்லை.

டிரைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாலு எழுந்து ஓடியாவது இருப்பான்.

"இனிமே நீ இந்தப் பக்கம் உட்காராதே. டீச்சர் இடத்துக்குப் போ... இல்ல, எனக்கு நேரா, கேஷியர் சார் இடத்துல உட்காரு. நேரா இருக்கறதுதான் எனக்குத் தெரியுது."

கேஷியர் தன் அட்டைகளை வாரிக்கொண்டு எழுந்து இடம் விட்டார். நாலு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவருக்கு எதிரே உட்கார்ந்தான். விளக்கு வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. டீச்சர் பருந்தை ஏழாவது இடத்திலேயே திருப்பிச் செருகிக் கட்டை டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் கட்டை விரிக்காமல், மேலே இருந்த அட்டையை எது என்று பார்க்காமலே எடுத்துக்கொண்டு மீதியை வலது பக்கம் தள்ளினான். ஆட்டத்தை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாததால் ஆட்டம் நடந்தது. எதிர் இடத்தில் உட்கார்ந்தவனின் கட்டு, இடமாகச் சுற்றினாலும் வலமாகச் சுற்றினாலும், இன்னொருவர் கை வழியாகத்தான் டிரைவரிடம் போய்ச் சேரும். அன்றும் அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் நாலு நாலாவதாகவே வந்தான்.